மொட்டை மாடியில் ஏர் ரைஃபிள் பழகுகிறேன், சத்தம் பெரிய பிரச்சினை: சைலன்சர் மாட்டலாமா?

மடிப்பாக்கம்177:
எல்லாருக்கும் வணக்கம். நாலு மாதம் முன்னால் ஆதார் நகல் கொடுத்து, பில்லோடு ஒரு .177 (4.5 மில்லிமீட்டர் துளை) ஏர் ரைஃபிள் வாங்கினேன். குழாயை மடக்கி ஸ்பிரிங் ஏற்றும் வகை. மாடியில் சரியாகப் பத்து மீட்டர் கிடைக்கிறது, தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே இருக்கும் செங்கல் சுவரில் ஒரு இரும்புப் பெட்டியைச் சாய்த்து வைத்து, பேப்பர் டார்கெட் ஒட்டிச் சுடுகிறேன். பறவை பக்கம் திரும்பியதே இல்லை.

பிரச்சினை சத்தம்தான். கீழ் வீட்டு அம்மாவுக்கு எழுபது வயது, மதியம் தூங்க முடியவில்லை என்று இரண்டு முறை மேலே வந்துவிட்டார், அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. துபாயில் இருக்கும் நண்பன் அடுத்த வாரம் வருகிறான், சைலன்சர் ஒன்று வாங்கி வரட்டுமா என்று கேட்கிறான். துப்பாக்கிக்கே லைசென்ஸ் தேவையில்லை என்னும்போது அதன் முனையில் மாட்டும் குழாய்க்கு மட்டும் என்ன சட்டம் என்று எனக்குத் தோன்றுகிறது. யூடியூபில் இங்கிலாந்துக்காரர்கள் எல்லாரும் மாட்டியிருக்கிறார்கள். சரியா தவறா, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இன்னொன்று, சில சமயம் சுட்டதும் குழாயிலிருந்து புகை வருகிறது, அப்போது சத்தமும் இரட்டிப்பாகக் கேட்கிறது. அது ஏன்?

பெரம்பூர் பெரியவர்:
தம்பி, முதல் வேலையாக அந்த நண்பருக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிடு. மீதியை அப்புறம் படி.

நீ நினைப்பது போலத்தான் பலரும் நினைக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். 1959 ஆயுதச் சட்டத்தின் 2ஆவது பிரிவில் துப்பாக்கி என்றால் என்ன என்று எழுதியிருக்கிறது. வெடிமருந்தால் மட்டுமல்ல, "வேறு வகை ஆற்றலால்" குண்டைச் செலுத்துவதும் துப்பாக்கிதான். காற்றும் அதில் வந்துவிடும். அதே வரையறையின் உள்ளேயே, சுடும்போது வரும் சத்தத்தையோ பளிச்சிடும் ஒளியையோ குறைக்கச் செய்த துணைக்கருவியும் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதாவது அந்தக் குழாயை எதிலும் மாட்டாமல் பீரோவில் வைத்திருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது தனியாக ஒரு துப்பாக்கி.

உன் ரைஃபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்பது 2016 ஆயுத விதிகள் கொடுத்த தனிச் சலுகை: 4.5 மில்லிமீட்டருக்கு மிகாத துளை, குண்டு வெளியேறும்போது 20 ஜூலுக்கு மிகாத வேகச் சக்தி, இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும். ஒன்று தாண்டினாலும் லைசென்ஸ். .22 (5.5 மில்லிமீட்டர்) ஏர் ரைஃபிளை யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால் வாங்காதே என்பது அதனால்தான். இந்தச் சலுகை துப்பாக்கிக்கு மட்டும்தான். சைலன்சருக்குக் கிடையாது, அது விதிகளின் முதல் அட்டவணையில் முதல் வகையிலேயே, தடைசெய்யப்பட்ட ஆயுதங்களோடு சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறது. தடைசெய்யப்பட்ட ஆயுதம் என்று வழக்குப் போட்டால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சம் ஏழு வருடம், பதினான்கு வரை போகலாம். விமான நிலையத்தில் மாட்டப்போவது உன் நண்பர்தான், நீ இல்லை என்பதையும் யோசி.

இங்கிலாந்தில் ஏர் ரைஃபிளுக்கு 12 அடி-பவுண்டு (சுமார் 16 ஜூல்) வரை சான்றிதழ் வேண்டாம், அதற்கான சைலன்சருக்கும் தடை இல்லை. அது அவர்கள் ஊர்ச் சட்டம்.

ஓட்டேரி ராக்கெட்:
ப்ரோ பயப்படாதீங்க. ஆன்லைனில் குழாய் சுத்தம் செய்யும் கருவி என்ற பெயரில் இதே சாமான் கிடைக்கிறது. நான் வாங்கி ஒரு வருஷம் ஆச்சு, யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

பெரம்பூர் பெரியவர்:
ராக்கெட் தம்பி, பெட்டி மேல் என்ன பெயர் ஒட்டியிருக்கிறது என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை, எதற்காகச் செய்யப்பட்டது என்றுதான் பார்க்கும். ஒரு வருடம் யாரும் கேட்கவில்லை என்பது உண்மையாக இருக்கலாம். பக்கத்து வீட்டில் ஏதோ ஒரு புகார் வந்து போலீஸ் மாடி ஏறும் நாளில்தான் கேட்பார்கள். தயவுசெய்து அதை வைத்திருக்காதே, ஒரு வக்கீலிடம் பேசி எப்படி ஒப்படைப்பது என்று கேள். இன்னொருவருக்கு விற்றுவிடலாம் என்று மட்டும் நினைக்காதே, அது இன்னும் பெரிய குற்றம்.

ஆவடி பத்து மீட்டர்:
சட்டத்தை ஐயா சொல்லிவிட்டார். நான் சத்தத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் துப்பாக்கியில் சைலன்சர் மாட்டினாலும் பெரிதாகக் குறையாது.

200 பார் அழுத்தத்தில் காற்று அடைத்து வைக்கும் பிசிபி வகையில் மிச்சக் காற்று முனையில் சீறிக்கொண்டு வரும், அங்கே சத்தம் முனையில். உங்களுடையது ஸ்பிரிங். உள்ளே பிஸ்டன் ஓடிப்போய்ச் சுவரில் மோதுவதும் ஸ்பிரிங் அதிர்வதும்தான் நீங்கள் கேட்பது, அது உங்கள் கன்னத்துக்குப் பக்கத்தில் நடக்கிறது.

புகைக்கு என் கேள்வி: காற்று போகும் துளையில் எண்ணெய் விட்டீர்களா? பிஸ்டன் அழுத்தும்போது காற்று கடுமையாகச் சூடாகும், எண்ணெய் இருந்தால் டீசல் என்ஜின் மாதிரி பற்றிக்கொள்ளும். அதனால்தான் புகை, வெடிச் சத்தம், எண்ணெய் கருகிய வாடை. வேகமும் கூடிவிடும், 20 ஜூல் எல்லையைத் தாண்டினாலும் ஆச்சரியமில்லை, சீலும் ஸ்பிரிங்கும் சீக்கிரம் போகும். பெல்லட் (ஈயக் குண்டு) இல்லாமல் வெறுமனே சுட்டுப் பார்க்கும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள், பிஸ்டனைத் தடுக்கக் காற்று மெத்தை இல்லாமல் நேரே போய் இடிக்கும்.

சக்தியைத் தெரிந்துகொள்ள ஒரு கணக்கு: அரை கிராம் பெல்லட் நொடிக்கு சுமார் 283 மீட்டர் போனால் 20 ஜூல். டப்பாவில் நொடிக்கு 1000 அடி என்று போட்டிருந்தால், அந்த வேகத்தை அரை கிராம் பெல்லட் உண்மையிலேயே எட்டுமானால் 23 ஜூல் வந்துவிடும். போட்டி ரைஃபிள்கள் 170, 175 மீட்டர்தான் போகும். பத்து மீட்டரில் டார்கெட்டின் நடுவில் பத்து மதிப்பெண் தரும் அரை மில்லிமீட்டர் அகலப் புள்ளியைத் துளைக்க அது போதும். நம்ம சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் எடுத்தது இந்தப் பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் பிரிவில்தான்.

கடைசியாக அந்த இரும்புப் பெட்டி. நிச்சயம் பாதிச் சத்தம் அதுதான். கீழ் வீட்டில் கேட்பதெல்லாம் தளம் வழியாக இறங்கும் அதிர்வு.

மடிப்பாக்கம்177:
நண்பனிடம் சொல்லிவிட்டேன், வாங்கவில்லை. ஐயாவுக்கு ரொம்ப நன்றி.

ஆவடி அண்ணா, எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? தையல் மெஷின் எண்ணெய் வாராவாரம் விட்டேன்! நிறுத்திவிட்டேன். நேற்று தம்பியைக் கீழே நிற்க வைத்துச் சோதித்தோம். இரும்புப் பெட்டியில் ஐந்து, பிறகு மரப்பெட்டியில் களிமண் அடைத்து முன்னால் பழைய ஜமுக்காளம் தொங்கவிட்டு ஐந்து. முதலில் "ணங்" என்று படிக்கட்டு வரைக்கும் கேட்டதாம், இரண்டாவதில் கதவு சாத்துகிற மாதிரி "டப்" மட்டும். பெட்டிக்கு அடியில் ரப்பர் பாய் போட்டதும் இன்னும் அடங்கியது. பெல்லட்டும் களிமண்ணிலேயே தங்கிவிடுகிறது, முன்பு சுவரில் பட்டுத் திரும்பி வந்ததை இப்போது நினைத்தால் பயமாக இருக்கிறது.

பெரம்பூர் பெரியவர்:
திரும்பி வந்ததா? கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் இனி ஒரு குண்டும் சுடாதே. கைப்பிடிச் சுவரைத் தாண்டினால் பெல்லட் சில நூறு மீட்டர் போகும், லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியானாலும் பிறர் உயிருக்கு ஆபத்து என்றால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 125ஆவது பிரிவு இருக்கிறது. கிளி, மைனா எல்லாம் 1972 வன உயிரினச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை, நீ சுடவில்லை என்றாலும் மாடியில் துப்பாக்கியோடு நிற்பவனைப் பார்த்தால் அக்கம்பக்கம் அப்படித்தான் சந்தேகப்படும். பில்லைப் பத்திரமாக வை. முடிந்தால் எழும்பூரில் ரைஃபிள் கிளப்பில் விசாரித்துப் பார், பயிற்சியாளர் முன்னால் பழகுவது வேறு.

ஆவடி பத்து மீட்டர்:
ஈயம் என்பதால் சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், அந்தக் களிமண்ணைத் தொட்டிச் செடிக்குப் போட்டுவிடாதீர்கள்.

மடிப்பாக்கம்177:
சரி அண்ணா. கண்ணாடி இன்று வாங்கிவிட்டேன். கீழ் வீட்டு அம்மாவிடம் பேசினேன், மாலை ஐந்து முதல் ஆறு வரை மட்டும் என்று ஒப்புக்கொண்டார். சனிக்கிழமை எழும்பூர் போய் விசாரிக்கிறேன்.