ஓட்டோவின் முதுகில் ஒரு வசனம்

2022 ஜூன் மாதம். காலி வீதியில் பெற்றோல் கியூ. வெள்ளவத்தையில் பெற்றோல் செட்டைக் கண்ணால் காணவே இன்னும் முக்கால் கிலோமீற்றர் இருந்தது. இரவு அங்கேதான். என் காருக்கு முன்னால் நின்ற ஓட்டோவின் முதுகில் மஞ்சள் எழுத்தில் ஒரு ஸ்டிக்கர்: எரேமியா 29:11. கீழே, "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." வெயிலும் மழையும் பட்டு "தீமை" என்ற சொல் பாதி உரிந்திருந்தது.

ஓட்டுநர் ஹட்டன் பக்கத்துத் தம்பி. மட்டக்குளியில் வாடகைக்கு இருப்பதாகச் சொன்னார். பத்து மணிக்குமேல் இரண்டு பேரும் பிளேன்டீ குடித்துக்கொண்டு கதைக்கத் தொடங்கினோம். போனில் ஒரு பிரசங்கியாரைத் தொடர்ந்து பார்த்து வந்திருக்கிறார். "விதைக் காணிக்கை அனுப்புங்கள், மூன்று மாதத்தில் கதவு திறக்கும்" என்று அவர் சொல்ல, மனைவியின் தோட்டை ஈடு வைத்து இருபத்தைந்தாயிரம் ரூபாய் அனுப்பியிருக்கிறார். அந்த ஸ்டிக்கரும் அவர்கள் தபாலில் அனுப்பியதுதான்.

"நாளைக்கு நாலு மாதம் அண்ணன்," என்றார்.

நான் வேதத்தைச் சொல்லுக்குச் சொல் நம்புகிறவன். வேதம் காலத்துக்கு ஏற்ப மாறாது என்று வெள்ளிக்கிழமை வீட்டுக்கூட்டத்தில் படிப்பிக்கிறவன். அந்த வசனம் பொய் என்று அவரிடம் என்னால் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. காரில் இருந்த வேதாகமத்தை எடுத்துவந்து, போன் வெளிச்சத்தில் 28ஆம் அதிகாரத்திலிருந்து வாசித்தோம். அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில், சனங்களுக்கு முன்னால், பாபிலோனுக்கு அடங்கவேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தைக் கழற்றி உடைக்கிறான். இரண்டு வருஷத்தில் பாபிலோனின் பிடி முறியும், கொண்டுபோன பாத்திரங்கள் திரும்பி வரும், போனவர்களும் வருவார்கள் என்கிறான். யாருக்குத்தான் கேட்கப் பிடிக்காது? அடுத்த அதிகாரத்தில், பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா கடிதம் எழுதுகிறார். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், கலியாணம் முடியுங்கள், அங்கேயே இருங்கள் என்று. எத்தனை வருஷம்? பத்தாம் வசனம் சொல்கிறது: எழுபது. ஸ்டிக்கரில் இருந்த வசனம் அதற்கு அடுத்தது.

தம்பி அந்தப் பத்தாம் வசனத்தை விரலை வைத்து இரண்டு தரம் வாசித்தார்.

"அப்ப இந்தக் கடிதத்தைக் கேட்ட பெரியவர்கள் அங்கேயே செத்திருப்பார்களே?"

"ஓம் தம்பி. அநேகம் பேர்."

"அந்தப் பாஸ்டர் இதை வாசித்திருப்பாரா?"

"வாசித்திருப்பார்."

அதற்குப்பிறகு அவர் ஓட்டோவுக்குள் போய்ப் படுத்துவிட்டார். விடிய ஐந்து மணிக்கு கியூ நகர்ந்தபோது கையை மட்டும் உயர்த்திக் காட்டினார். அப்புறம் அவரைக் காணவில்லை.

வெளியே இருக்கிற உலகம் சபையைக் கெடுக்கிறது என்றுதான் நாங்கள் எப்போதும் பயப்படுகிறோம். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் முழுக்க உள்ளே இருக்கிறவர்கள் மேல். மின்சாரம் வெட்டு, காஸ் இல்லை, பால்மா இல்லை. அந்த நேரத்தில் ஒரு ஏழையின் வீட்டுத் தோட்டை வசனத்தைக் காட்டிக் கழற்றுவது என்னைப் பொறுத்தவரை திருட்டு.

அந்தக் கோபத்தில்தான் அடுத்த வருஷம் வீட்டுக்கூட்டத்தில் எரேமியாவை முதலிலிருந்து எடுத்தேன். மே மாதம் 29ஆம் அதிகாரத்துக்கு வந்தோம். ஏழாம் வசனம் எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது. கொண்டுபோய் விடப்பட்ட பட்டணத்தின் சமாதானத்தைத் தேடு, அதற்காக ஜெபம் பண்ணு என்கிறது. கூட்டத்தில் இருந்த ஒரு அக்கா, 2007 ஜூனில் கொழும்பு லொட்ஜ்களில் இருந்த தமிழர்களைப் பொலிஸ் வெளியேற்றியபோது பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பப்பட்டவர். "இந்தக் கொழும்புக்காகவா?" என்று கேட்டார். ஓம் என்றேன். அன்றைக்கு முதன்முதலாகக் கொழும்புக்காக அவரே ஜெபித்தார், அழுதுகொண்டு.

ஆறாம் வசனத்தை நான் அவசரமாகத் தாண்டிவிட்டேன். மகன்மாருக்குப் பெண் எடுங்கள், மகள்மாரைக் கட்டிக்கொடுங்கள் என்ற வசனம். அதில் விளக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

முந்தின கிழமைதான், ஒருபாலுறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365ஏ பிரிவுகளை மாற்றும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது அல்ல என்ற உச்ச நீதிமன்றத் தீர்மானம் வெளிவந்திருந்தது. இளம் பிள்ளைகள் கேட்டதால் அதைப்பற்றி விரிவாகக் கதைத்திருந்தேன். ஆதியாகமம் 2:24, அதையே இயேசு எடுத்துச் சொல்லும் மத்தேயு 19. திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலானது என்பதில் அன்றும் இன்றும் எனக்கு மாற்றம் இல்லை.

என் மருமகள், தங்கச்சியின் மகள், கம்பஸில் படிக்கிறாள். கூட்டம் முடிகிற நேரம் அவள் கேட்டாள்:

"மாமா, போன கிழமை 365ஏ பற்றி ஒரு மணித்தியாலம் கதைத்தீர்கள். இண்டைக்கு இந்த ஆறாம் வசனத்தை ஒரு நிமிஷத்தில் முடித்துவிட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை அண்ணாவின் டொனேசன் கடதாசிக்கு மேலே கைவைத்து ஜெபிக்கப் போகிறது நீங்கள்தானே?"

டொனேசன் என்றால் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்கும் காசு. தங்கச்சி தேத்தண்ணித் தட்டோடு வாசலில் நின்றாள். யாரும் தட்டை வாங்கவில்லை.

யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினேன். ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த காலத்திலிருந்தே சீதனம் பெண்ணின் சொத்து, அது அவளுக்குப் பாதுகாப்பு என்று. அது உண்மை. ஆனால் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிற டொனேசன் பெண்ணின் சொத்து இல்லை. பாதியில் நிறுத்திவிட்டேன். அன்றிரவு எரேமியா 22:13ஐத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அநீதியினாலே தன் வீட்டைக் கட்டுகிறவனுக்கு ஐயோ என்கிற வசனம். இரண்டு மாதத்துக்கு முன் நான்தான் அதைப் படிப்பித்தேன். அப்போது யோயாக்கீம் ராஜாவைப்பற்றி மட்டும் சொன்னேன்.

சனிக்கிழமை, தங்கச்சியின் புருஷனான மச்சானிடம் போனேன். "பிளட் வீடு பொம்பிளையின் பெயரில் இருக்கட்டும், அது அவளுக்கு. காசை விடுங்கோ. விட்டால் நான் வந்து ஜெபிக்கிறேன்," என்றேன். மூத்த மகளைக் கட்டிக்கொடுக்கத் தாங்கள் கொடுத்த காசை யார் திருப்பித் தருவார் என்று கேட்டார். அவர் கொடுமைக்காரர் இல்லை, உண்மையாகவே கடன்பட்டவர். அதற்கு என்னிடம் இருந்த பதில், என் சேமிப்பில் கொஞ்சம் தருகிறேன் என்பதுதான். அது அவருக்கு அவமானமாகப் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை கலியாணப் பேச்சுக்காலில் வேறு ஒருவர் ஜெபித்தார். கலியாணத்துக்குப் போனேன், வாழ்த்தினேன். மூன்றாம் வரிசையில் இருந்தேன். தங்கச்சி அதற்குப்பிறகு வெள்ளிக்கிழமைகளில் வருவதில்லை. மருமகள் மட்டும் தெகிவளையிலிருந்து பஸ்ஸில் வருகிறாள். அந்த நத்தாருக்கு தங்கச்சி அவளிடம் கேக் கொடுத்து அனுப்பியிருந்தாள், எனக்குப் பிடித்த மாதிரி முந்திரிப் பருப்பு கூடப் போட்டு.