கார்தஹேனாவில் இரண்டரை நாள், அம்மாவுடன்: கொஞ்சம் வழி சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். வேலை விஷயமாக பொகோட்டா போகிறேன், அம்மாவும் கூட வருகிறார். அப்படியே கொலம்பியாவின் கரீபியன் கரையில் இருக்கும் கார்தஹேனாவுக்கும் டிக்கெட் போட்டாச்சு. இங்கே யாராவது போய் வந்திருக்கிறீர்களா?

1533-ல் ஸ்பானியர்கள் நிறுவிய ஊர். மதிலுக்குள் இருக்கும் பழைய நகரம் சமதரை, நடந்தே பார்த்துவிடலாம். கவலையெல்லாம் சான் ஃபெலிப்பே கோட்டைதான். 1741-ல் ஆங்கிலேயப் படை மோதித் தோற்ற இடம். படத்தில் பார்த்தால் நீளமான சாய்வுப்பாதை, மருந்துக்கும் நிழல் இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி. கேட்டால், "திருச்சி மலைக்கோட்டையே ஏறினவடா நான்" என்கிறார். அது இருபது வருஷத்துக்கு முந்தைய கதை! காலையில் திறந்ததும் போனால் சமாளிக்கலாமா?

இன்னொன்று, சான் பசிலியோ தெ பலெங்கே. அடிமைத்தனத்திலிருந்து தப்பிய ஆப்பிரிக்கர்கள் உருவாக்கிய ஊர். கார்தஹேனா தெருக்களில் தலையில் பழக்கூடையோடு நிற்கும் பலெங்கேரா பெண்களுக்குப் பூர்வீகம் அதுதான். எனக்குக் கோட்டையைவிட இதுதான் முக்கியம். அரைநாளில் போய்வர முடியுமா? அந்த ஊர்க்காரர் யாராவது வழிகாட்டியாகக் கிடைப்பாரா?

அம்மா சுத்த சைவம். அங்கே தேங்காய்ப்பால் சாதம் உண்டு, பிழைத்தோம். முட்டை சேராத அரேப்பாவை (மக்காச்சோள மாவு ரொட்டி) மட்டும் ஸ்பானிஷில் எப்படிக் கேட்பது?