மறு: ‘எமெர்ஜிங்’ என்பதற்கு ‘வளர்ந்துவரும்’ போதுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

இழையைத் தொடங்கியபோது, பொருளாதாரத்தில் வருகிற ‘எமெர்ஜிங்’ (emerging) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் ‘வளர்ந்துவரும்’ போதுமா என்று மட்டும் கேட்டேன், காரணத்தைச் சொல்லவில்லை. தப்பு என்னுடையது. இத்தனை மடல்கள் வந்த பிறகாவது சொல்லிவிடுகிறேன். இடையிடையே உங்கள் மடல்களின் வரிகளை எடுத்துப்போட்டுப் பதிலும் எழுதுகிறேன்.

உலக வணிகம் பற்றிய ஒரு பாடநூலின் அத்தியாயத்தை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். ஐ.எம்.எஃப். எனும் பன்னாட்டு நாணய நிதியத்தின் அறிக்கைகளில் பக்கத்துக்குப் பக்கம் வருகிற ஒரு தொடர் அதிலும் வந்தது: ‘எமெர்ஜிங் மார்க்கெட் அண்ட் டெவலப்பிங் எகானமீஸ்’. நானும் கை பழகியபடி ‘வளர்ந்துவரும் சந்தைகள் மற்றும் வளரும் பொருளாதாரங்கள்’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். மெய்ப்பு பார்த்தவர் ஓரத்தில் பென்சிலால் குறித்திருந்தார்: “ஒரே சொல் இரண்டு தரம் வந்திருக்கிறது. ஒன்றை எடுத்துவிடலாமா?”

அவர் கேட்டதில் தவறே இல்லை. ‘வளரும்’ என்பதற்கும் ‘வளர்ந்துவரும்’ என்பதற்கும் தமிழில் என்ன வித்தியாசம்? பிள்ளை வளர்கிறான், பிள்ளை வளர்ந்துவருகிறான். அவ்வளவுதான். ஆனால் மூலத்தில் அவை இரண்டு வேறு கூட்டங்கள். ஒன்றை எடுத்துவிட்டால் பாதி உலகம் வாக்கியத்திலிருந்து விழுந்துவிடும்.

> ‘வளர்ந்துவரும்’ நிலைபெற்றுவிட்டது. செய்தித்தாள்கள் எல்லாம் அதைத்தான் எழுதுகின்றன. நிலைபெற்றதைக் கலைப்பானேன்?

நிலைபெற்றதைக் கலைக்க எனக்கும் ஆசையில்லை, ஐயா. தனியாக வரும்போது அது ஒன்றும் கெடுப்பதில்லை. இரண்டும் ஒரே பத்தியில் வரும்போதுதான் குழப்பம். தென்கொரியாவைப் பாருங்கள். ஐ.எம்.எஃப். 1997 முதலே அதை முன்னேறிய பொருளாதாரங்களின் வரிசையில் வைத்திருக்கிறது. பங்குச் சந்தைக் குறியீடு போடும் எம்.எஸ்.சி.ஐ. இன்னும் ‘எமெர்ஜிங்’ என்கிறது. அதே வேலையைச் செய்யும் இன்னொரு நிறுவனமான எஃப்.டி.எஸ்.இ.யோ 2009-லேயே ‘டெவலப்ட்’ பட்டியலுக்கு ஏற்றிவிட்டது. உலக வர்த்தக அமைப்பில் ஒரு நாடு தன்னைத் தானே ‘டெவலப்பிங்’ என்று அறிவித்துக்கொண்டு அதற்கான சலுகையைக் கேட்கலாம். கொரியாவும் அப்படித்தான் இருந்தது. இனிமேல் வரும் பேச்சுவார்த்தைகளில் அந்தச் சலுகையைக் கேட்க மாட்டோம் என்று 2019 அக்டோபரில்தான் சொன்னது. ஐ.நா.வின் வணிக, வளர்ச்சி அமைப்பான அங்க்டாட் அதை வளர்ந்த நாடுகள் குழுவுக்கு மாற்றியது 2021-ல்.

இந்த ஒரு பத்தியை ‘வளர்ந்த’, ‘வளரும்’, ‘வளர்ந்துவரும்’ என்று மூன்றே உருவத்தில் எழுதிப் பாருங்கள். நான் எழுதிப் பார்த்தேன். மூன்றாவது வரியில் எனக்கே யார் யாரை என்ன சொன்னார்கள் என்று தெரியவில்லை. அத்தனையும் ஒரே வினையின் உருவங்கள் என்பதால், வாசிக்கிறவர் இவற்றை ஏணியின் படிகள் என்று நினைத்துக்கொள்கிறார். அவை படிகள் அல்ல. வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு அளவுகோலை வைத்துப் போட்ட பட்டியல்கள்.

> ‘எழுச்சி பெறும் பொருளாதாரம்’?

எழுச்சி என்றதும் கொடியும் கோஷமும் காதில் விழுகிறது. அதோடு, எழுச்சியுரையும் மக்கள் எழுச்சியும் ஓரிரு நாளில் அடங்கிவிடும். இதுவோ இருபது முப்பது ஆண்டு இழுக்கிற சங்கதி.

> முகிழ்க்கும், அரும்பும், துளிர்க்கும்...

அழகான சொற்கள்தான். கவிதைக்கு வைத்துக்கொள்வோம். பிரேசிலை அரும்பு என்று எப்படிச் சொல்வது?

> வினைத்தொகையாக ‘எழுபொருளாதாரம்’ என்று வைக்கலாம். ‘எழுஞாயிறு’ போல. காலம் கரந்து நிற்கும். எழுந்தது, எழுகிறது, எழும் மூன்றுக்கும் பொருந்தும்.

இது என்னை ஒரு நாள் முழுக்க யோசிக்க வைத்தது. இலக்கணம் அசைக்க முடியாதது. மூலச் சொல்லிலேயே இல்லாத ஒரு வசதி இது: மூலம் நிகழ்காலத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறது, வினைத்தொகை நிற்காது. ஆனால் ‘எழு’ என்றால் ஏழு என்றும் படும். எழுபது, எழுநூறு பழகிய கண் ‘எழுபொருளாதாரங்கள்’ என்பதை ஏழு பொருளாதாரங்கள் என்றுதான் முதலில் வாசிக்கும். ஜி7 எனும் ஏழு பணக்கார நாடுகளின் கூட்டறிக்கையை மொழிபெயர்க்கும்போது இந்தச் சொல் வந்தால் நம் கதி என்ன ஆகும்? எதிரெதிர்ப் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு ஒரே பெயர் வைத்த புண்ணியம் நமக்குச் சேரும்.

சரி, என் ஓட்டுக்கு வருகிறேன். நான்காவது மடலில் அம்மா ஒருவர் போகிற போக்கில் எழுதியிருந்தார்: “குடும்பம் தலையெடுக்கிறது என்போமே, அதுதானே இது?” யாரும் கண்டுகொள்ளவில்லை. நானும் அன்று தாண்டிப் போய்விட்டேன். இப்போது திரும்பத் திரும்ப அந்த வரிக்கே போகிறேன். தலையெடுக்கும் பொருளாதாரம். தலையெடுக்கும் சந்தை.

ஏன் என்று சொல்வதற்கு முன்னால் மூலச் சொல்லின் பிறப்பைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் அது கருத்தரங்கில் பிறந்த சொல் அல்ல. இந்த நாடுகளைக் குறிக்க 1949-ல் அமெரிக்க அதிபர் ட்ரூமன் தன் பதவியேற்பு உரையில் ‘வளர்ச்சி குன்றிய பகுதிகள்’ என்ற பொருளில் ஒரு சொல்லைப் புழக்கத்தில் விட்டார். 1952-ல் பிரெஞ்சு மக்கள்தொகை அறிஞர் ஆல்ஃப்ரெட் சோவி ‘மூன்றாம் உலகம்’ என்றார். 1981-ல் உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த ஐ.எஃப்.சி.யில் இருந்த அந்துவான் வான் அக்ட்மேல், இந்த நாடுகளின் பங்குகளில் முதலீடு செய்ய ஒரு நிதியம் தொடங்கலாம் என்று நியூயார்க் முதலீட்டாளர்களிடம் எடுத்துச் சொல்லப் போனார். அதற்கு வைத்திருந்த பெயர் ‘மூன்றாம் உலகப் பங்கு நிதியம்’. யோசனை நல்லது, ஆனால் இந்தப் பெயரை வைத்துக்கொண்டு விற்கவே முடியாது என்றார் கூட்டத்தில் இருந்த ஒருவர். அந்த வார இறுதியில் உட்கார்ந்து யோசித்து வான் அக்ட்மேல் கண்டுபிடித்ததுதான் ‘எமெர்ஜிங் மார்க்கெட்ஸ்’.

> அப்படியானால் இது சரக்கை விற்க ஒட்டிய லேபிள். அதற்குத் தமிழ் தேடி நாம் ஏன் மெனக்கெட வேண்டும்?

லேபிள்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் லேபிளுக்கும் ஒரு பொருள் உண்டு. ‘டெவலப்பிங்’ என்பது நாடு எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்கிறது. ‘எமெர்ஜிங்’ என்பது வெளியே இருந்து பார்க்கிறவனுக்கு அது எப்படித் தெரிகிறது என்று சொல்கிறது: இவர்களிடம் சரக்கு வாங்கலாம், கடன் கொடுக்கலாம், பங்கு வாங்கிப் போடலாம். நம் சொல்லும் அந்தப் பார்வையைக் காட்ட வேண்டும். ‘தலையெடுத்துவிட்டான்’ என்பதும் அடுத்தவர் வாயிலிருந்து வருகிற சொல்தானே? யாரும் ‘நான் தலையெடுத்துவிட்டேன்’ என்று தன்னைப் பற்றியே சொல்லிக்கொண்டு திரிவதில்லை.

இன்னொரு பொருத்தமும் இருக்கிறது. எனக்கு இதுதான் பெரிது. தலையெடுக்கிற குடும்பம் என்றால் பணக்காரக் குடும்பம் இல்லை. ஒருவன் சம்பாதிக்கத் தொடங்கியிருக்கிறான், கடைக்காரர் நம்பிக் கடன் கொடுக்கிறார், ஆனால் பழைய கடனும் நிற்கிறது. ஓர் அடி விழுந்தால் பழைய இடத்துக்கே போய்விடலாம். எமெர்ஜிங் நாடுகளின் கதையை இதைவிடச் சரியாக ஒரு சொல்லில் அடக்க முடியுமா, எனக்குத் தெரியவில்லை.

முதலில் சம்பாத்தியம். கொரியாவின் ஏற்றுமதி 1964-ல் 10 கோடி டாலரைத் தொட்டது. அந்த நாளை ஏற்றுமதி நாளாகவே கொண்டாடினார்கள். 1977-ல் அது 1,000 கோடி டாலர். பதின்மூன்று ஆண்டில் நூறு மடங்கு. ஆரம்பத்தில் அவர்கள் விற்றது என்ன என்று பார்த்தால் துணி, ஒட்டுப்பலகை, அப்புறம் டோப்பா முடி. ஆமாம், பொய்முடிதான். கப்பலும் எஃகும் பிறகு வந்தவை, சிப் அதற்கும் பிறகு.

பிறகு அடி. 1997 ஜூலை 2-ம் தேதி தாய்லாந்து தன் நாணயமான பாட்டை டாலரோடு கட்டி வைத்திருந்த முடிச்சை அவிழ்த்தது. அதுவரை ஒரு டாலர் சுமார் 25 பாட். வெளிநாட்டில் 10 லட்சம் டாலர் கடன் வாங்கியிருந்த ஒரு கம்பெனி, தன் கணக்குப் புத்தகத்தில் 2 கோடியே 50 லட்சம் பாட் என்று எழுதி வைத்திருக்கும். 1998 ஜனவரிக்குள் டாலர் 50 பாட்டைத் தாண்டியது. அதே கடன் 5 கோடிக்கு மேல். கம்பெனி புதிதாக ஒரு காசு வாங்கவில்லை, விற்பனையில் பிசகவில்லை, ஆனால் திவால். சொந்த நாணயத்தில் வெளியே கடன் வாங்க முடியாத இந்த நிலைக்கு ஐகன்கிரீன், ஹௌஸ்மன் என்ற இரு பொருளியலாளர்கள் ‘ஆதிபாவம்’ என்று பெயர் வைத்தார்கள். மதச் சொல்லை எடுத்து வட்டிக் கணக்கில் போட அவர்களுக்குக் கூச்சம் இல்லை. வீட்டுச் சொல்லை எடுக்க நமக்கு மட்டும் என்ன கூச்சம்?

> ‘தலையெடுக்கும்’ கொச்சையாக இருக்கிறதே. வன்முறை தலையெடுத்தது என்றும் எழுதுகிறார்களே.

கொச்சை இல்லை, ஐயா. பேச்சிலும் எழுத்திலும் ஒரே உருவத்தில் நிற்கிற சொல். இரண்டாவது கேள்வி நியாயமானது. என் காதுக்கு, வன்முறை ‘தலைதூக்கும்’, நோய் ‘தலைதூக்கும்’. குடும்பமும் பிள்ளைகளும் ‘தலையெடுப்பார்கள்’. இந்தக் கோட்டை எல்லோரும் ஒழுங்காகக் காப்பதில்லை, உண்மைதான். ஆனால் ‘பொருளாதாரம்’ பக்கத்தில் வந்து நின்றால் யாரும் கெட்ட பொருளில் எடுக்க மாட்டார்கள்.

ஒரே ஒரு இடத்தில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. பெயர்ச்சொல்லாக ‘தலையெடுப்பு’ என்றால் கொஞ்சம் இறுமாப்பு வாடை அடிக்கிறது. ஆகவே பெயர்ச்சொல் தேவைப்படும் இடத்தில் ‘தலையெடுத்தல்’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

கிரேக்கம் கீழே இறங்கியதைத் தமிழில் எப்படி எழுதுவது என்று கேட்டவருக்கு: எம்.எஸ்.சி.ஐ. அந்த நாட்டை 2001-ல் வளர்ந்த சந்தையாக உயர்த்தியது, 2013-ல் திரும்ப எமெர்ஜிங்குக்கு இறக்கியது. வளர்ந்த சந்தை ஒன்று அப்படி இறங்கியது அதுதான் முதல் தடவை. ‘வளர்ந்த நாடு வளர்ந்துவரும் நாடானது’ என்று எழுதினால் அச்சுப்பிழை என்று நினைப்பார்கள். ‘வளர்ந்த சந்தை என்ற பட்டியலிலிருந்து தலையெடுக்கும் சந்தைகளின் பட்டியலுக்கு இறங்கியது’ என்றால் முரண் இருக்கிறது, ஆனால் புரிகிறது. அந்த முரண் மூலத்திலேயே உள்ளது, நாம் அதற்குப் பொறுப்பில்லை.

அடுத்து சந்தையா, பொருளாதாரமா, நாடா என்ற சண்டை. ‘பொருளாதாரங்கள்’ என்ற பன்மை தமிழில் பல்லில் மணல் மாதிரி நறநறக்கிறது, ‘தலையெடுக்கும் நாடுகள்’ போதும் என்று இருவர் எழுதியிருக்கிறீர்கள். ஓடும் உரைநடையில் நானும் அப்படித்தான் எழுதுவேன். ஆனால் சொற்பட்டியலில் முடியாது. ஹாங்காங்கும் தைவானும் வருகிற பட்டியல்களில் ‘நாடு’ என்று எழுதினால், அவை தனி நாடுகளா என்ற வேறு வழக்கு வந்துவிடும். தைவான் 2002-ல் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்ததே ‘தனிச் சுங்கப் பகுதி’ என்ற பெயரில்தான். ‘எகானமி’ என்ற சொல்லை இத்தகைய பட்டியல்களில் வைத்திருப்பதே இந்த வம்பிலிருந்து தப்பிக்கத்தான். மணல் நறநறத்தாலும் பொருளாதாரம் என்றே இருக்கட்டும்.

சந்தையைப் பொருளாதாரத்தோடு கலக்கவும் வேண்டாம். வியட்நாம் 2007-ல் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. போனும் காலணியும் துணியும் உலகமெல்லாம் அனுப்புகிறது. பொருளாதாரமாகப் பார்த்தால் அது தலையெடுத்து நெடுநாளாகிறது. ஆனால் வெளிநாட்டார் எவ்வளவு பங்கு வைத்திருக்கலாம் என்ற வரம்பும் பங்கு வாங்கும் நடைமுறைகளும் இருந்ததால் எம்.எஸ்.சி.ஐ. அதன் பங்குச் சந்தையை எமெர்ஜிங்குக்கும் கீழே, ‘ஃப்ரான்டியர்’ என்ற தட்டில் நெடுங்காலம் வைத்திருந்தது. பொருளாதாரம் தலையெடுத்த இடத்தில் சந்தை தலையெடுக்காமல் இருக்கலாம். இந்த வாக்கியத்தை ‘வளர்ந்துவரும்’ வைத்துச் சொல்லிப் பாருங்கள், நான் ஏன் பிடிவாதம் பிடிக்கிறேன் என்று தெரியும்.

ஆகவே நம் சொற்பட்டியலுக்கு என் முன்மொழிவு: எமெர்ஜிங் எகானமிக்குத் தலையெடுக்கும் பொருளாதாரம்; எமெர்ஜிங் மார்க்கெட்டுக்குத் தலையெடுக்கும் சந்தை; டெவலப்பிங்குக்கு வழக்கம்போல வளரும். ‘வளர்ந்துவரும்’ என்பதைப் பிழை என்று ஒதுக்க வேண்டாம், பக்கத்தில் ‘வளரும்’ வராத இடத்தில் எழுதுகிறவர் எழுதிக்கொள்ளட்டும்.

‘ஃப்ரான்டியர் மார்க்கெட்’டுக்கு யாரோ ‘எல்லைச் சந்தை’ என்று போட்டிருக்கிறீர்கள். அது எனக்கு இரு நாட்டுக் காவல் சாவடிகளுக்கு நடுவே காய்கறி விற்கிற இடம் மாதிரி கேட்கிறது. அதற்குத் தனி இழை தொடங்குங்கள், இதிலேயே ஓட்ட வேண்டாம்.

என் அத்தியாயத்தில் அந்த வரியை இப்போது ‘தலையெடுக்கும் சந்தைகளும் வளரும் பொருளாதாரங்களும்’ என்று மாற்றி அனுப்பியிருக்கிறேன். மெய்ப்பு பார்ப்பவரிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. வந்ததும் எழுதுகிறேன்.