படபடப்போடு எமர்ஜென்சிக்குப் போய் அப்லேஷனில் முடிந்த கதை: உங்களுடையதையும் சொல்லுங்கள்

எனக்கு வயது 51. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், சுருக்கமாக ஏஃபிப், அதாவது இதயத்தின் மேலறை தாளம் தப்பி நடுங்குவது, அதற்காக 14 மாதத்தில் மூன்று முறை எமர்ஜென்சிக்குப் போனவன். மூன்றாவது தடவைதான் ஒருவர் உருப்படியாக ஒரு கேள்வி கேட்டார். அதை முதல் தடவையே யாராவது கேட்டிருந்தால் ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும், அந்த ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன்.

முதல் தடவை ராத்திரி இரண்டு மணி. எழுந்து சிறுநீர் கழித்துவிட்டு வந்து படுத்தேன், பத்து நிமிஷத்தில் மறுபடியும். ஒரு மணி நேரத்தில் நாலு தடவை. சர்க்கரை வந்துவிட்டதோ என்றுதான் பயந்தேன். அப்புறம்தான் நெஞ்சுக்குள் நடப்பது உறைத்தது. தரையில் விழுந்த மீன் மாதிரி, இரண்டு துள்ளல், ஒரு இடைவெளி, அப்புறம் மூன்று துள்ளல், எந்தக் கணக்குக்கும் அடங்காமல். மனைவி மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "எண்ணவே முடியலை, கிளம்புங்க" என்றாள். (மேலறை இழுபடும்போது இதயமே ஒரு ஹார்மோனைச் சுரந்து சிறுநீரைக் கூட்டிவிடுமாம். இது தெரிந்த பிறகு, பாத்ரூம் நடை கூடினாலே நாடியைப் பிடித்துப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது.)

ஈசிஜியில் துடிப்பு 156. டிரிப்ஸ், துடிப்பைக் குறைக்கும் மெட்டோப்ரோலால் ஊசி, பக்கத்தில் மானிட்டர் விடாமல் கத்திக்கொண்டிருந்தது. விடியற்காலையில் தானாகவே பழைய தாளத்துக்கு வந்துவிட்டது. டிஸ்சார்ஜ் சீட்டின் கடைசி வரியில் "இதய மருத்துவரை வெளிநோயாளியாகப் பார்க்கவும்" என்று இருந்தது. எந்த மருத்துவர், எத்தனை நாளைக்குள், எதற்கு, ஒன்றும் இல்லை. நானும் உடம்பு சரியாகிவிட்டது என்று விட்டுவிட்டேன். தப்பு என் பேரிலும் உண்டு.

ஏழு மாதம் கழித்து இரண்டாவது தடவை. இந்த முறை தானாக நிற்கவில்லை. தூங்க மருந்து கொடுத்து ஷாக் வைத்தார்கள், கண் விழித்தபோது தாளம் நேராகியிருந்தது, நெஞ்சில் வெயிலில் காய்ந்த மாதிரி சிவப்பாக இரண்டு தடம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை ஆரம்பித்தார்கள். மறுபடி அதே கடைசி வரி.

மூன்றாவது தடவை பணியிலிருந்தது ஒரு சின்ன வயது டாக்டர். பழைய சீட்டுகளைப் புரட்டிவிட்டு, "ஈ.பி. டாக்டரை இன்னும் பார்க்கலையா?" என்று கேட்டார். அப்படி ஒரு டாக்டர் இருக்கிறார் என்பதே எனக்குத் தெரியாது. இதயத்தின் மின்னோட்டத்தை மட்டும் பார்க்கிற எலெக்ட்ரோஃபிசியாலஜிஸ்ட். என் ஈசிஜி தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் பேனாவால் இடது மேலறையை வரைந்தார், அதற்குள் நுரையீரலிலிருந்து வந்து திறக்கும் நாலு ரத்தக் குழாய்களை வரைந்தார், ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு வட்டம் போட்டார். கோளாறான பொறி பெரும்பாலும் இந்தக் குழாய்களுக்குள்ளிருந்துதான் கிளம்புகிறது, வாயைச் சுற்றி வேலி போட்டுவிட்டால் பொறி மேலறைக்கு வராது, அதுதான் அப்லேஷன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. பிரான்ஸில் போர்தோ நகரத்து மிஷேல் ஹைசகேர் குழு 1998-லேயே 45 நோயாளிகளை வைத்து இதைக் காட்டியிருக்கிறது என்பதைப் பிறகு படித்தேன். அவர்கள் கண்டுபிடித்த பொறிகளில் 94 சதவீதம் இந்தக் குழாய்களில்தான் இருந்ததாம்.

அந்த ராத்திரியே அப்லேஷன் செய்யவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். எமர்ஜென்சியில் துடிப்பை அடக்கி அனுப்பினார்கள், ஆனால் வீட்டுக்குப் போகும்போது கையில் ஈ.பி. டாக்டரைப் பார்க்கும் தேதி இருந்தது. ஏழாவது வாரம் கேத் லேப், அப்லேஷன் செய்கிற அறை. எனக்குச் செய்தது குளிரவைக்கும் பலூன் முறை. வலது தொடையிடுக்கு ரத்தக் குழாய் வழியாக உள்ளே போய், இரண்டு மேலறைக்கும் நடுவே உள்ள மெல்லிய சுவரைத் துளைத்து இடது பக்கம் போகிறார்கள். அரை மயக்கத்தில் இருந்தேன். ஒவ்வொரு குழாயையும் மூன்று நாலு நிமிஷம் உறைய வைக்கும்போது நெற்றிப் பொட்டில் சுரீரென்று ஒரு குளிர் வலி. வலது பக்கக் குழாய்களுக்கு வந்ததும் விக்கல் மாதிரி வயிறு எம்பி எம்பி அடங்கியது. உதரவிதானத்துக்குப் போகிற நரம்பு பக்கத்திலேயே ஓடுவதால், அதற்கு அடிபடாமல் இருக்கிறதா என்று வேண்டுமென்றே தூண்டிப் பார்ப்பார்களாம். விக்கல் நின்றால் அவர்களும் குளிரை நிறுத்திவிடுவார்கள். எனக்கு அந்த விக்கல் நிற்காமல் இருந்ததே பெரிய நிம்மதி.

இப்போது 19 மாதம் ஆகிறது. மூன்றாவது வாரம் ஒரே ஒரு தடவை, நாலு மணி நேரம் வந்து போனது. அவ்வளவுதான்.

* * *

அண்ணா, உங்கள் அனுபவம் சரி, ஆனால் இதைப் படித்துவிட்டு எல்லோரும் அப்லேஷனுக்கு ஓடிவிடக் கூடாது என்பதற்காக என் கதை. 38 வயதில் இதே படபடப்பு, இதே எமர்ஜென்சி, ஈசிஜியில் இதே ஏஃபிப். அழுதே விட்டேன். ரத்தப் பரிசோதனையில் தைராய்டு எக்கச்சக்கமாகச் சுரப்பது தெரிந்தது. தைராய்டுக்கு மருந்து ஆரம்பித்து அது கட்டுக்குள் வந்ததும் இதயமும் அடங்கிவிட்டது. ஐந்து வருடமாக ஒன்றும் இல்லை. நடுவில் ஒரு டாக்டர் அப்லேஷன் பேச்சை எடுத்தார், இன்னொருவர் "முதல்ல காரணத்தைச் சரி செய்வோம்" என்றார். நான் இரண்டாமவர் பேச்சைக் கேட்டேன். கடுமையான காய்ச்சல், நிமோனியா, பெரிய ஆபரேஷன், அளவில்லாத குடி, இவற்றை ஒட்டி வருவதும் உண்டு. முதல் தடவை வந்தால் தைராய்டு பார்த்தார்களா என்று கேளுங்கள்.

* * *

நான் எமர்ஜென்சியில் 11 வருடமாக வேலை பார்க்கும் டாக்டர். முதல் பதிவில் உள்ள கோபம் நியாயமானது. ஆனால் அந்தப் பக்கத்தில் நின்று பார்த்தால் வேறு மாதிரி தெரியும் என்பதையும் சொல்ல விடுங்கள்.

ஏஃபிப் என்று ஒருவர் வந்தால் எங்கள் தலைக்குள் ஓடுவது மூன்று விஷயம்தான். ரத்த அழுத்தம் விழுகிறதா? எப்போது ஆரம்பித்தது? ரத்தம் உறையாத மாத்திரை ஏற்கெனவே சாப்பிடுகிறாரா? நடுவில் உள்ளதுதான் எங்களைப் படுத்தும் கேள்வி. மேலறை துடிக்காமல் நடுங்கிக்கொண்டிருந்தால் அதன் ஓரத்துப் பையில் ரத்தம் தேங்கி உறையும், தாளம் நேரானதும் அந்தக் கட்டி கிளம்பி மூளைக்குப் போகலாம். 48 மணி நேரம் என்பது பழைய எல்லை, 2024 ஐரோப்பிய வழிகாட்டுதலில் அதை 24 ஆக்கிவிட்டார்கள். அதைத் தாண்டியிருந்தால் மூன்று வாரம் மாத்திரை, இல்லையென்றால் உணவுக்குழாய் வழியாக எக்கோ பார்த்துவிட்டுத்தான் ஷாக். "நேத்து சாயங்காலமா, முந்தாநாளா, சரியா ஞாபகம் இல்லை டாக்டர்" என்று சொல்பவரை வைத்துக்கொண்டு நாங்கள் முழிப்பது உங்களுக்குத் தெரியாது.

இன்னொன்று, அவசரப்பட வேண்டியதில்லை என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. நெதர்லாந்தில் 437 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்து 2019-ல் வெளிவந்தது. உடனே தாளத்தை நேராக்கியவர்கள் ஒரு பக்கம், துடிப்பை மட்டும் அடக்கிவிட்டுக் காத்திருந்தவர்கள் இன்னொரு பக்கம். காத்திருந்தவர்களில் 69 சதவீதம் பேருக்கு 48 மணி நேரத்துக்குள் தானாகவே நேராகிவிட்டது. நாலு வாரம் கழித்துப் பார்த்தால் இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றே. அதனால்தான் நாங்கள் பல பேரைச் சும்மா படுக்கவைத்துப் பார்க்கிறோம், அலட்சியத்தால் இல்லை.

ஆனால் அன்றைய ராத்திரி பொறுக்கலாம் என்றால் ஒரு வருடம் பொறுக்கலாம் என்று அர்த்தம் இல்லை. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டதுதான் எங்கள் பக்கத்துத் தவறு, நானும் பல வருடம் செய்த தவறு. ஏஃபிப் கண்டுபிடித்து ஒரு வருடத்துக்குள் தாளத்தைக் காப்பாற்றும் வைத்தியத்தை ஆரம்பித்தால் இதய, ரத்தக் குழாய் நோயால் வரும் மரணம், பக்கவாதம் எல்லாம் சேர்ந்த கணக்கு குறைகிறது என்று 2020-ல் ஈஸ்ட்-ஏஃப்நெட் 4 என்ற ஆய்வு 2789 பேரிடம் காட்டியது. கவனியுங்கள், அதில் பெரும்பாலோருக்கு முதலில் கொடுத்தது தாளத்தை நேராக வைக்கும் மாத்திரைதான், அப்லேஷன் இல்லை. அப்லேஷனையே முதல் வைத்தியமாக வைத்துப் பார்த்தது 2021-ல் வந்த எர்லி-ஏஎஃப். 303 பேர், எல்லோர் தோலுக்கடியிலும் துடிப்பைப் பதியும் கருவி. ஒரு வருடத்தில் திரும்ப வந்தது பலூன் செய்தவர்களில் 42.9 சதவீதம், மாத்திரைக்காரர்களில் 67.8. அதாவது அப்லேஷன் செய்தும் பத்தில் நாலு பேருக்குக் கருவியில் ஏதோ ஒன்று பதிந்தது. இதை யாரும் நோயாளியிடம் சொல்வதில்லை, சொல்ல வேண்டும். ஆனால் அதே ஆட்களை மூன்று வருடம் கழித்துப் பார்த்தபோது, விட்டு விட்டு வந்தது விடாத ஏஃபிப்பாக மாறியது 1.9 சதவீதம், மாத்திரைப் பக்கம் 7.4. என்னை மாற்றியது இந்த இரண்டாவது கணக்கு.

இப்போது நான் செய்வது, நடு ராத்திரியோ விடியற்காலையோ, ஈ.பி. பிரிவுக்கு ஒரு தேதி எழுதாமல் ஏஃபிப்காரர் யாரையும் அனுப்புவதில்லை. போய்ப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று முடிவானாலும் சரி.

* * *

டாக்டர் சொன்ன கடைசி கணக்குதான் எங்கள் வீட்டுக் கதை. என் கணவருக்கு ஆறு வருடமாக வந்து வந்து போனது. எமர்ஜென்சிக்கு எத்தனை தடவை போயிருப்போம் என்று எண்ணவே இல்லை. அவர் சுபாவம் அப்படி, நின்றுவிட்டால் மறந்துவிடுவார். ஏழாவது வருடம் வந்தது, போகவில்லை. ஷாக் வைத்தால் இரண்டு நாள் நிற்கும், மறுபடி. எக்கோவில் இடது மேலறை பெரிதாகியிருந்தது.

ஈ.பி. டாக்டர் ஓர் ஆட்டுக் கதை சொன்னார். 1995-ல் நெதர்லாந்தில் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தில் ஆடுகளுக்கு ஒரு கருவி வைத்து, ஏஃபிப் நின்ற உடனே மறுபடி கிளப்பிவிட்டுக்கொண்டே இருந்தார்களாம். ஆரம்பத்தில் சில நொடிகளில் நின்றது, போகப் போக நிற்க எடுக்கும் நேரம் கூடிக்கொண்டே போய், ஏறக்குறைய ஒரு வாரத்தில் பெரும்பாலான ஆடுகளுக்கு ஒரு நாளுக்கு மேல் நிற்காமல் ஓடியதாம். நடுங்க நடுங்க மேலறை அதற்கே பழகிப்போகிறது. "உங்க வீட்டுக்காரர் ஆறு வருஷம் பழக்கப்படுத்தியிருக்கார்" என்றார். கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

முதல் அப்லேஷன் நாலு மாதம் தாங்கியது. இரண்டாவது செய்தோம். தொடையிடுக்கில் ரத்தம் கட்டி முழங்கால் வரை கறுத்துப்போனது, பத்து நாள் நடக்கச் சிரமப்பட்டார். செய்வதற்கு முன்னால் கையெழுத்து வாங்கிய தாளில் அதெல்லாம் இருந்தது, இதயத்தைச் சுற்றி ரத்தம் கசிவது, பக்கவாதம், எல்லாம். அபூர்வம் என்றார்கள், அபூர்வம்தான். ஆனால் ஒன்றை மட்டும் டாக்டர் மூன்று தடவை சொன்னார். அப்லேஷன் செய்து இரண்டு மாதத்துக்குள் காய்ச்சல், விழுங்க முடியாமை, நெஞ்சு வலி, பேச்சுக் குழறல் எது வந்தாலும் எமர்ஜென்சிக்குப் போனதும் முதல் வார்த்தையாக "அப்லேஷன் ஆகியிருக்கு" என்று சொல்ல வேண்டும், எண்டோஸ்கோப்பி செய்ய விடக் கூடாது, சி.டி. ஸ்கேன்தான். மேலறைக்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே ஓட்டை விழுந்திருந்தால், எண்டோஸ்கோப்பிக் குழாய் காற்றை உள்ளே ஊதி ஆளையே கொண்டுபோய்விடும். நாங்கள் அதை ஒரு சீட்டில் எழுதி அவர் பர்ஸில் வைத்திருந்தோம். தேவைப்படவில்லை.

இப்போது எடை 14 கிலோ குறைத்திருக்கிறார், குறட்டைக்கு மெஷின் போட்டுத் தூங்குகிறார். எட்டு மாதம் தாளம் சரியாக இருக்கிறது. பாதிப் பலன் அப்லேஷன், பாதி அந்த எடை என்பது என் எண்ணம். அவர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

* * *

எனக்கு போன மாதம்தான் முதல் தடவை. அப்லேஷன் செய்துவிட்டால் ரத்தம் உறையாத மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று நண்பர் சொல்கிறார். உண்மையா?

* * *

முதல் பதிவு எழுதியவன்தான். தம்பி, செய்த கையோடு நிறுத்தவே கூடாது, குறைந்தது இரண்டு மூன்று மாதம். அதற்கப்புறம் தாளம் எப்படி இருக்கிறது என்பதை மட்டும் பார்த்து முடிவு செய்வதில்லை, உங்கள் வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை, முன்பு பக்கவாதம் வந்ததா, இதையெல்லாம் வைத்து மதிப்பெண் போட்டுப் பார்ப்பார்கள். எனக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது, இன்னும் சாப்பிடுகிறேன். நண்பர் பேச்சைக் கேட்டு நிறுத்தாதீர்கள், என் பேச்சைக் கேட்டுத் தொடரவும் வேண்டாம், டாக்டரைக் கேளுங்கள்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். போன மாத ஈசிஜி தாள் கையில் இருக்கிறதா? இருந்தால் இன்றைக்கே போனில் படம் எடுத்து வையுங்கள். படபடப்பு நின்ற பிறகு ஈ.பி. டாக்டரிடம் போனால் அங்கே எடுக்கும் ஈசிஜி பளிச்சென்று இருக்கும், அவருக்கு ஆதாரமே அந்தப் பழைய தாள்தான். அதுவோ சூட்டில் அச்சாகிற தாள், வெளிறிப்போகும். என்னுடைய முதல் தடவைத் தாளில் இப்போது கட்டங்கூடத் தெரியவில்லை. மூன்றாவது தடவைத் தாளிலும் கோடு மங்கிவிட்டது, பின்பக்கம் அந்த டாக்டர் பேனாவால் போட்ட நாலு வட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது.