பின் எஞ்சின் கார்: இன்னும் மனத்தை விட்டுப் போகாத அந்த ஒரு கணம்

மலைப்பாதை

1986 போர்ஷே 911 கரெரா 3.2. வாங்கி நான்கு மாதம் ஆகியிருந்தது. வளைவின் நடுவே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கக் கூடாது என்பது இந்தக் கார் வைத்திருக்கும் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். பிறருக்குச் சொல்லியும் இருக்கிறேன்.

மழை விட்டு அரை மணி நேரம். இறக்கத்தில் வலப்பக்கம் திரும்பும் வளைவு, மூன்றாவது கியர். போகப் போக வளைவு குறுகியது. பக்கத்தில் தம்பி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். காலை எடுக்க வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. அது தானாக எழுந்துவிட்டது.

அடுத்து நடந்ததை முதலில் உணர்ந்தது இடுப்புதான். பின்பக்கம் மொத்தமாக வெளியே நழுவியது. ஸ்டீயரிங் என் கையையும் இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் சுழன்றது. முகப்பு விளக்கின் வெளிச்சம் பாறை, மரம், வந்த சாலை என்று வரிசையாகத் தடவிக்கொண்டு போனது. வந்த திசையைப் பார்த்தபடி கார் நின்றது. எதிலும் மோதவில்லை. எஞ்சின் அணைந்து, விசிறியின் இரைச்சலும் ஓய்ந்து, சூடான உலோகம் சுருங்கும் டிக் டிக் ஒலி மட்டும் பின்னாலிருந்து கேட்டது. தம்பி பேச்சைப் பாதியில் நிறுத்தியிருந்தான்.

மூன்று வருடம் ஆகிறது. தலைக்குத் தெரிந்தது காலுக்கு ஏன் தெரியவில்லை? இதுபோல உங்களை விடாமல் துரத்துவது ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

ஸ்பானர்13

எனக்குச் சாலையில் எதுவும் நடந்ததில்லை. காருக்கு அடியில் நடந்தது.

டேப்பட் செட்டிங், அதாவது எஞ்சின் வால்வுகளின் இடைவெளியைச் சரிசெய்யும் வேலை. பன்னிரண்டு வால்வு, இடைவெளி 0.10 மில்லிமீட்டர். எஞ்சின் முழுவதும் குளிர்ந்திருக்க வேண்டும் என்பதால் முந்தைய நாளே காரை நிறுத்திவிட்டேன். இன்டேக் வால்வுகள் மேலிருந்து முடிந்துவிட்டன. எக்ஸாஸ்ட் பக்கம்தான் தெரியுமே: மல்லாந்து படுத்து, கண் எட்டாத இடத்தில் விரல் நுனியை நம்பிச் செய்ய வேண்டும். மூன்றாவது சிலிண்டரில், இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைத்து, திருகைச் சரிசெய்து, தகட்டை இழுத்தேன். பாதிதான் வெளியே வந்தது.

காந்தக் கோலை விட்டு இரண்டு மணி நேரம் துழாவியதில் ஒரு துண்டு கிடைத்தது. கையிலிருந்த பாதியோடு சேர்த்து வெள்ளைத் தாளில் வைத்துப் பார்த்தேன். ஓரத்தில் நகத்துணுக்கு அளவுக்கு ஓர் இடம் காலியாக இருந்தது.

ஆயிலை வடித்துத் துணியில் வடிகட்டினேன். ஃபில்டரை அறுத்து மடிப்பு மடிப்பாக விரித்துப் பார்த்தேன். இல்லை. அந்த ஓரம் முன்பே உடைந்திருந்ததா என்பதும் நினைவில்லை. அதற்குப் பிறகு 14,000 கிலோமீட்டர் ஓடியாயிற்று. எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் ஆயில் மாற்றும் ஒவ்வொரு முறையும் வடியும் ஆயிலுக்குள் காந்தத்தை விட்டு எடுத்து விளக்கடியில் பார்க்கிறேன்.

ஆறுசிலிண்டர்

மலைப்பாதை நண்பருக்கு. இருவருக்கும் ஒன்றும் ஆகாததில் மகிழ்ச்சி. ஆனால் நீங்கள் தவறான இடத்தில் காரணம் தேடுகிறீர்கள். டயர்களின் வயது என்ன? அதைச் சொல்லவே இல்லையே.

எனக்கும் ஒருமுறை ஈரச் சாலையில் பின்பக்கம் விலகியது, சமாளித்துவிட்டேன். சொல்ல வந்தது வேறு.

இந்தக் காரின் எடையில் ஏறத்தாழ அறுபது விழுக்காடு பின் சக்கரங்களின் மேல் இருக்கிறது. எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. காலை எடுத்ததும் சுமை முன்பக்கம் சாய்கிறது. பின் டயரைத் தரையோடு அழுத்தும் பாரம் குறைகிறது. அதே கணத்தில் எஞ்சின் தானே பிரேக் போலப் பின் சக்கரங்களைப் பிடிக்கிறது. பக்கவாட்டில் பற்றி நிற்க வேண்டிய டயர் இந்த இரண்டு வேலையையும் சேர்த்துத் தாங்க முடியாமல் விட்டுவிடுகிறது. ஒருமுறை விலகத் தொடங்கினால் பின்னால் இருக்கும் பாரமே ஊசல் குண்டு போல இழுத்துக்கொண்டு போகும்.

தயாரித்தவர்களும் இதோடு மல்லுக்கட்டியவர்கள்தான். தொடக்கக் கால 911 கார்களில் முன் பம்பருக்குள் எடைக்கட்டிகளை வைத்தார்கள். 1969 மாடலில் பின் சக்கரங்களை 57 மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளினார்கள். உங்கள் கார் அதற்கெல்லாம் பிந்தியது. நல்ல டயர் போட்டிருந்தால் ஒருமுறை காலை எடுத்ததற்காக அப்படிச் சுற்றியிருக்காது.

ஆகவே, டயரின் பக்கச்சுவரில் இருக்கும் நான்கு இலக்கங்களைப் பாருங்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். டயரின் பள்ளக்கோடுகளில் ஆழம் மிச்சமிருக்கிறது என்று ஏமாறாதீர்கள், ரப்பர் இறுகிப்போனால் ஈரத்தில் பிடிக்காது. பின் டயரில் முன் டயரைவிடக் காற்றழுத்தம் அதிகம் இருக்க வேண்டும். நான்கிலும் ஒரே அளவு அடித்துக் கொடுத்துவிடுவார்கள், நீங்களே அளந்து பாருங்கள். அலைன்மென்ட் பார்க்கும்போது பின் சக்கரங்களின் டோ அளவை (சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ எவ்வளவு திரும்பியிருக்கின்றன என்பதை) எழுதி வாங்குங்கள். ஓட்டும்போது பிரேக்கை நேர்சாலையிலேயே முடித்துவிடுங்கள். வளைவுக்குள் மெதுவாக நுழைந்து, ஆக்சிலரேட்டரை மயிரிழை அளவு கொடுத்தபடியே போய், சாலை நேராகும்போது அழுத்துங்கள். பின் டயர்கள் தரையில் உட்கார்ந்து தள்ளும் அந்த உணர்வுக்காகத்தானே இந்தக் காரை வைத்திருக்கிறோம்!

நீலப்புகை

என்னுடையது சின்னது. எஞ்சின் குளிர்ந்திருந்தபோது ஆயில் அளவு பார்க்கும் கோலை உருவிப் பார்த்துவிட்டு, குறைகிறது என்று ஒன்றரை லிட்டர் ஊற்றிவிட்டேன். சூடேறி, சமதளத்தில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் பார்க்க வேண்டும் என்று அப்போது தெரியாது. இருபது நிமிடம் ஓட்டியதும் மிகையான ஆயில் காற்றுக் குழாய் வழியே எஞ்சினுக்குள் போய் எரிந்தது. பின்னால் பார்க்கும் கண்ணாடியில் சாலையே இல்லை, வெறும் நீலம். எனக்குப் பின்னால் ஒரு பைக் வந்துகொண்டிருந்தது. ஓரம் கட்டி இறங்கி, புகைக்குள்ளிருந்து அந்த பைக் வெளியே வரும் வரை நின்ற நேரம் மறக்கவில்லை.

நாலுகியர்

ஆறுசிலிண்டர், அவர் காரைக் குறை சொல்லவில்லை, டயர் யோசனையும் கேட்கவில்லை. கால் ஏன் எழுந்தது என்று கேட்டார். அதற்கு நீங்கள் பதில் சொல்லவில்லை.

என் அனுபவம் இதற்கு நேர்மாறு. 1978 911 டர்போ, 300 குதிரைத் திறன், நான்கே கியர். நண்பர் ஓட்டக் கொடுத்தார். வளைவின் பாதியில் அழுத்தினேன், ஒன்றும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். டர்போ சுழன்று அழுத்தம் ஏறியதும் கேட்டது அத்தனையும் ஒரே நேரத்தில் வந்தது. உடம்பு முழுவதும் "காலை எடு" என்றது. எடுத்தால் என்ன ஆகும் என்றும் தெரியும். பாதத்தை இருந்த இடத்திலேயே வைத்திருந்தேன், சாலையின் வெளி விளிம்பு வரை கார் போய்த் திரும்பியது. அதைத் திறமை என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. பயத்தில் கால் உறைந்துபோனது என்றுதான் நினைக்கிறேன். உங்கள் கால் எழுந்தது, என் கால் உறைந்தது. இரண்டையும் நாம் செய்யவில்லை.

பழையகராஜ்

நானும் அப்பாவும் முதல்முறை எஞ்சினை இறக்கியபோது. எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒன்றாகக் கீழே வரும் என்பது தெரிந்ததே. தாங்கும் போல்ட் நான்குதான். ஆனால் கழற்ற வேண்டிய குழாயும் ஒயரும் கம்பியும் நிறைய. பட்டியல் போட்டு ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தோம். நான் ஜாக்கை விரல் அளவு விரல் அளவாகத் தளர்த்தினேன். அப்பா டார்ச்சோடு பக்கவாட்டில் படுத்திருந்தார்.

"நில்" என்றார். கேட்டது. ஆனால் என் கை இன்னும் கால் சுற்று சுற்றிவிட்டுத்தான் நின்றது. கியர்பாக்ஸிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையைக் கழற்ற மறந்திருந்தோம். அது நாண் போல விறைத்து நின்றது. அதை விடுவிக்க அப்பாவின் கை ஏற்கெனவே இடுக்குக்குள் போயிருந்தது.

ஒன்றும் ஆகவில்லை. நான் ஜாக்கை ஏற்றினேன், அவர் கையை எடுத்தார், ஸ்பானர் கேட்டார், போல்ட்டைக் கழற்றினார். "இப்போது இறக்கு" என்றார். அதன்பின் அதைப் பற்றி அவர் பேசியதே இல்லை. காருக்கு அடியில் படுக்கும்போதெல்லாம் என் கண் முதலில் அந்தப் பட்டைக்குத்தான் போகிறது.

மலைப்பாதை

ஆறுசிலிண்டர், போய்ப் பார்த்தேன். விபத்து நடந்த அன்று போட்டிருந்த டயர்களைக் கொட்டகையில் வைத்திருக்கிறேன். பின் இரண்டும் அன்றே ஒன்பது வருடப் பழசு. நீங்கள் சொன்னது சரி, கேட்டதற்கு நன்றி.

நாலுகியர், நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். நேற்று மாலை தம்பியைக் காரில் கூட்டிக்கொண்டு போனேன். அதே சாலை, காய்ந்திருந்தது, புது டயர். அந்த வளைவு வந்தபோது அவன் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். இரண்டாவது கியரில் மெதுவாகக் கடந்தேன், கால் அசையவில்லை. கீழே வந்ததும், அன்று என்னடா சொல்லிக்கொண்டிருந்தாய் என்று கேட்டேன். நினைவில்லை என்றான்.