நீர்மூழ்கி பெரிதா, அதற்குச் சோறு போடும் கப்பல் பெரிதா?

டோங்காட் முருகேசன்
போன வாரம் தேவன் தம்பி நோவா ஸ்கோஷியா பற்றி எழுதியிருந்தார். 1942 நவம்பர் 28 அன்று நம் தென்னாப்பிரிக்காவின் நட்டால் கரைக்கு அப்பால் யு-177 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி அந்தக் கப்பலை மூழ்கடித்தது. இத்தாலியப் போர்க்கைதிகள் உட்பட 850 பேருக்கு மேல் செத்தார்கள், டர்பன் கரையில் பிணங்கள் ஒதுங்கின. நல்ல பதிவு. ஆனால் முழுக்க முழுக்க நீர்மூழ்கியும் கேப்டனும்தான். பின்னால் நின்று பசியாற்றிய கப்பல்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அதே ஆண்டு ஆகஸ்டில் ‘பனிக்கரடி’ என்று பெயர் வைத்து ஒரு ஜெர்மன் நீர்மூழ்கிப் படகுக் குழு பிரான்சிலிருந்து கேப்டவுன் பக்கம் கிளம்பியது. அந்த ரகப் படகுகள் இங்கே வந்து, சண்டை போட்டு, திரும்பிப் போகிற அளவுக்கு டீசல் கொள்ளாது. செயின்ட் ஹெலினா தீவுக்குத் தெற்கே யு-459 என்ற துணை நீர்மூழ்கி வந்து எண்ணெய் கொடுத்தது. அதில் டார்பிடோ குழாயே கிடையாது. மற்ற படகுகளுக்காக 400 டன்னுக்கு மேல் டீசல், ரொட்டி சுட ஓர் அடுப்பு, ஒரு மருத்துவர். ‘கறவை மாடு’ என்று மாலுமிகள் கூப்பிட்டார்கள். அது வராமல் இருந்திருந்தால் அக்டோபரில் கேப் கடலில் அவ்வளவு கப்பல்கள் மூழ்கியிருக்காது.

சாட்ஸ்வர்த் தேவன்
முருகேசன் அண்ணா, நான் எழுதியது யு-177 பற்றி. அது பனிக்கரடிக் குழுவில் இல்லை. ஒன்பது-டி-2 என்ற பெரிய ரகம், 20,000 கடல்மைலுக்கு மேல் ஓடக்கூடியது. 1942 செப்டம்பரில் கீல் துறைமுகத்தில் கிளம்பி, நம் கரையில் வேட்டையாடி, 1943 ஜனவரியில் போர்தோ போய்ச் சேர்ந்தது. பொறியாளர்கள் தொட்டியைப் பெரிதாக்கினார்கள், கறவை மாட்டுக்கு வேலை இல்லாமல் போயிற்று. என் பதிவில் துணைக்கப்பல் வராததற்கு அதுதான் காரணம்.

டோங்காட் முருகேசன்
வேலை இல்லாமல் போகவில்லை தம்பி. அதே யு-177 அடுத்த பயணத்தில் என்ன செய்தது என்று பாருங்கள். 1943 ஜூனில் மொரீஷியசுக்குத் தெற்கே சார்லோட் ஷ்லீமான் என்ற எண்ணெய்க் கப்பலிடம் டீசலும் சாப்பாடும் வாங்கியது. கூட யு-196, யு-181 எல்லாம் இருந்தன. யு-196 அந்தப் பயணத்தில் 225 நாள் கடலில் கிடந்தது. அந்தப் போரில் வேறெந்த நீர்மூழ்கியும் ஒரே பயணத்தில் அவ்வளவு நாள் ஓடவில்லை. தொட்டி எவ்வளவு பெரிதானாலும் உருளைக்கிழங்கு அழுகும், இயந்திர எண்ணெய் தீரும்.

சாட்ஸ்வர்த் தேவன்
சரி, அந்த சார்லோட் ஷ்லீமானின் கதி என்ன? 1944 பிப்ரவரியில் ஆங்கிலேயர் ஜெர்மன் ரகசியச் செய்தியை உடைத்துப் படித்து, கேட்டலினா விமானத்தை அனுப்பிக் கண்டுபிடித்தார்கள். ரிலென்ட்லெஸ் நாசகாரிக் கப்பல் வந்ததும் சார்லோட் ஷ்லீமானின் மாலுமிகளே தங்கள் கப்பலை மூழ்கடித்தார்கள். அடுத்த மாதம் பிராக்கே என்ற இன்னொரு எண்ணெய்க் கப்பலும் போயிற்று. எண்ணெய் வாங்க வந்த இரண்டு படகுகள் ஐரோப்பா போகும் பயணத்தை விட்டு மறுபடி கிழக்கே திரும்பின. கறவை மாடுகள் 10 கட்டினார்கள், பத்தும் மூழ்கின. நீர்மூழ்கியின் ஒரே பலம் கண்ணில் படாமல் இருப்பது. நடுக்கடலில் இந்த இடம், இந்த நாள் என்று சந்திப்பு வைத்தால் அந்தப் பலத்தை நாமே எதிரி கையில் கொடுக்கிறோம்.

கேப்டவுன் வள்ளி
இரண்டு பேரும் எண்ணெயிலேயே நிற்கிறீர்கள். எண்ணெய் ஏற்றுவது எப்படி என்று ஒரு நிமிடம் நினையுங்கள். கப்பல் மெதுவாகப் போகும், பின்னால் நீர்மூழ்கி. கயிறு வரும், குழாய் வரும். மூடி திறந்து கிடக்கும், ஆட்கள் இடுப்பளவு அலையில் நிற்பார்கள். மணிக்கணக்கில் இப்படி. விமானம் வந்தால் குழாயை வெட்டிவிட்டு முங்க வேண்டும். இந்த ஆபத்து விஷயத்தில் தேவன் சொல்வது சரி.

ஆனால் துறைமுகத்தில் நிற்கும் தாய்க்கப்பல் வேறு கதை. திருகோணமலையில் ஆங்கிலேயரின் அடமண்ட், மெய்ட்ஸ்டோன் என்று இரண்டு நின்றன. டார்பிடோ, பட்டறை, உதிரிப் பாகம், திரும்பி வந்த மாலுமிக்குக் குளியல், படுக்கை, எல்லாம் அங்கே. 1944 ஜனவரியில் பினாங்குக்கு வெளியே ஜப்பானின் கூமா என்ற போர்க்கப்பலை டாலி-ஹோ என்ற ஆங்கிலேய நீர்மூழ்கி மூழ்கடித்தது இந்த ஏற்பாட்டின் பலத்தில்தான்.

சைமன்ஸ் டவுனில் அசெகாய் என்ற நீர்மூழ்கி காட்சிக்கு இருந்தபோது உள்ளே போயிருக்கிறேன். 1970-71இல் பிரான்சிலிருந்து நாம் வாங்கிய மூன்றில் ஒன்று. முன்னால் 8, பின்னால் 4 டார்பிடோ குழாய்கள். குழாயில் இருப்பதோடு சரி, மறுபடி நிரப்பக் கையிருப்பு இல்லை. 12ஐயும் சுட்டால் கரைக்கு வந்தே தீர வேண்டும்.

சாட்ஸ்வர்த் தேவன்
வள்ளி அக்கா, துறைமுகத்தில் நின்றாலும் எதிரி விடுவதில்லை. ஆங்கிலேயரின் மெட்வே தாய்க்கப்பல் அலெக்சாந்திரியாவில் இருந்தால் ஆபத்து என்று இடம் மாற்றும்போதே, 1942 ஜூன் 30 அன்று யு-372 அடித்துவிட்டது. நம் பக்கம் வந்த ஜப்பானியரையும் பாருங்கள். மொசாம்பிக் கால்வாயில் அவர்களுக்குத் துணை நின்ற ஹோகோகு மாரு என்ற கப்பல் அதே ஆண்டு நவம்பரில், இந்தியக் கடற்படையின் சிறிய கப்பலான பெங்காலோடும் ஒரு டச்சு எண்ணெய்க் கப்பலோடும் மோதி மூழ்கியது.

டோங்காட் முருகேசன்
மூழ்கியது உண்மை. அதற்கு முன்னால் அந்தத் துணையை வைத்து ஜப்பானிய நீர்மூழ்கிகள் ஜூன், ஜூலை இரண்டே மாதத்தில் கால்வாயில் 20 கப்பலுக்கு மேல் முடித்தன. எதிரி ஏன் முதலில் தாய்க்கப்பலைத் தேடுகிறான் தம்பி? அது போனால் பத்துப் படகு முடங்கும் என்று அவனுக்குத் தெரியும். நீங்கள் காட்டும் ஒவ்வொரு சாவும் என் கட்சிக்குச் சாட்சி.

கேப்டவுன் வள்ளி
இன்றைய நிலைமைக்கு வாருங்கள். நம்மிடம் மந்தாடிசி, சார்லோட் மக்செகே, குயின் மொஜாஜி என்று மூன்று நீர்மூழ்கிகள் இருக்கின்றன. 2023 செப்டம்பரில் கொமெட்ஜி அருகே மந்தாடிசியின் மேல்தளத்திலிருந்த மாலுமிகளை அலை அடித்துக்கொண்டு போய் மூன்று பேர் இறந்தார்கள். நீருக்கடியில் படகே மாட்டிக்கொண்டால்? 2024இல் இந்தியாவோடு மீட்பு ஒப்பந்தம் போட்டார்கள். அவர்களுடைய மீட்புக் கலத்தை விமானத்தில் கொண்டுவரலாம். ஆனால் அதைச் சுமந்து கடலுக்குள் போய் இறக்க இங்கே ஒரு கப்பல் தயாராக நிற்க வேண்டும். தேவன், அந்தக் கப்பலையும் வேண்டாம் என்பீர்களா?

சாட்ஸ்வர்த் தேவன்
மீட்புக் கப்பலை நான் எதிர்க்கவே இல்லை அக்கா, அது உயிர் விஷயம். போர்க்காலத்தில் நடுக்கடலில் எண்ணெய் கொடுப்பதைத்தான் எதிர்க்கிறேன், அதிலிருந்து மாற மாட்டேன். ஆனால் இருக்கிற மூன்றையும் பழுதுபார்க்கவே பணம் போதவில்லை. பட்ஜெட்டில் முதல் ராண்டு படகின் பராமரிப்புக்குப் போகட்டும், அடுத்தது உங்கள் கப்பலுக்கு.

டோங்காட் முருகேசன்
வரிசையை மாற்றுங்கள் தம்பி. மீட்க வழி இல்லாமல் பிள்ளைகளைக் கீழே அனுப்பக் கூடாது.