மாடியில் ஒரு நோஞ்சான் ரோஜா

வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ஒருவர்:

போன தை மாதம் சாலையோர நர்சரியில் வாங்கிய சிவப்பு ரோஜா. வரும்போதே நான்கு பூக்கள். மொட்டை மாடியில் பெரிய தொட்டியில் வைத்தேன். மாசியில் பூ நின்றது. பங்குனியில் கொழுந்து இலைகள் வெளுத்தன. நரம்பு மட்டும் பச்சை, மற்றதெல்லாம் மஞ்சள்.

"தண்ணீர் போதவில்லை" என்றார் மாமியார். காலையும் மாலையும் ஊற்றினேன். "உரம் போடு" என்றார் எதிர்வீட்டு அக்கா. டி.ஏ.பி. ஒரு பிடி போட்டேன். பிறகு முட்டை ஓடு, டீத்தூள், வெங்காயத் தோல். இவ்வளவையும் எனக்குக் கொடுத்திருந்தால் நானும் படுத்திருப்பேன். அதற்குள், பூப்பறித்த கிளை நுனியிலிருந்து கறுத்துக்கொண்டே கீழே இறங்கியது, ஊதுபத்தி எரிவதுபோல.

பக்கத்துத் தோட்டத்துக்கு வேலைக்கு வரும் பெரியவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் இலையைப் பார்க்கவே இல்லை. தொட்டி விளிம்பை நகத்தால் சுரண்டினார். வெள்ளையாக உதிர்ந்தது.

"போர் தண்ணீரா அம்மா?"

எங்கள் போர் தண்ணீர் வெந்நீர்ப் பாத்திரத்திலேயே சுண்ணாம்பு உப்பைப் படிய வைக்கும். அந்தச் சுண்ணாம்பு ஏற ஏற, மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாதாம். அதனால்தான் கொழுந்து முதலில் வெளுக்கிறது. தழைச்சத்துக் குறைவு என்றால் அடியிலைகள் அல்லவா முதலில் மஞ்சளாகும்? நான் போட்ட முட்டை ஓடும் சுண்ணாம்புதான் என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

தொட்டியைக் கவிழ்த்தோம். நர்சரியில் வைத்த களிமண் உருண்டை தேங்காய்போல அப்படியே இருந்தது. ஒரு வேர்கூட வெளியே வரவில்லை. உருண்டையின் அடியிலோ சேறு, நாற்றம். அங்கிருந்த வேர்கள் தொட்டால் தோலுரிந்தன. சித்திரை வெயிலில் வேரைக் கலைக்கக் கூடாது என்பார்கள். காத்திருந்தால் கலைக்க வேரே இருந்திருக்காது.

வாளித் தண்ணீரில் ஊறவைத்துப் பாதிக் களிமண்ணைக் கரைத்தோம். அழுகிய வேரை வெட்டிவிட்டு செம்மண், மணல், மக்கிய சாணம் கலந்து நட்டோம். கறுத்த கிளையை, தண்டின் நடுச்சோறு வெள்ளையாகத் தெரியும் வரை வெட்டினார். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரியை ஸ்பிரிட்டால் துடைத்தார். வெட்டுவாயில் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சை மருந்தைக் குழைத்துப் பூசினோம். லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), சில சொட்டு எலுமிச்சைச் சாறு. மாலையில் இலைமேல் தெளித்தேன். உரம் கிடையாது. செடியை மாடித் தண்ணீர் டேங்கின் கிழக்குப் பக்கம் நகர்த்தியதால் பிற்பகல் வெயிலும் கிடையாது. கத்திரி வெயில் முழுக்க கேன் தண்ணீர்தான் ஊற்றினேன். வீட்டில் பேச்சு வாங்கியது தனிக்கதை.

மூன்று வாரத்தில் கணுவில் சிவப்பாக ஒரு முளை. ஆடியில் ஒரே ஒரு மொட்டு. மாமியார் அதைப் பறிக்க விடவில்லை.

காட்பாடியிலிருந்து இன்னொருவர்:

என் கதை நேர்மாறு. காய்ந்த செடியைக் கத்தரித்தேன். அடியிலிருந்து கிளைத்து ஆறடி வளர்ந்தது. தெருவில் எல்லோரையும் கூப்பிட்டுப் பெருமையாகக் காட்டினேன். பூ மட்டும் இல்லை. ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன்: புதுக்கிளையில் காம்புக்கு ஏழு இலை, பழைய கிளையில் ஐந்து. ரோஜாவை ஒட்டுக்கட்டிய இடத்துக்குக் கீழே, வேருக்காக வைத்த வேறு ரோஜாவான அடிச்செடி கிளம்பியிருக்கிறது! மண்ணை விலக்கி, வேரோடு சேரும் இடத்திலேயே பிய்த்தெடுத்தேன். மிஞ்சிய ரோஜா இப்போது ஒரு சாண் உயரம். பக்கத்து வீட்டுக்காரர் தினமும் அந்தப் பெரிய செடி எங்கே என்று கேட்கிறார்.